கோலாலம்பூர் வீட்டு வாசலில் புளூபெர்ரி: தொட்டி மண்ணிலிருந்து பழம் பறிக்கும் நாள் வரை

கெப்போங்கில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் இன்று நான்கு புளூபெர்ரித் தொட்டிகள் இருக்கின்றன. இவற்றுக்கு முன் வாங்கிய முதல் செடி நான்கே மாதத்தில் பட்டுப்போனது. குளிர்நாட்டுச் செடி, நம் வெயிலைத் தாங்கவில்லை என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். ஆனால் தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு. நாற்றுப்பண்ணையிலிருந்து வரும்போது இருந்த உருண்டையான வேர்க்கட்டி அப்படியே, அதே வடிவில், தொட்டியின் நடுவில் இருந்தது; அதைச் சுற்றி நான் நிரப்பியிருந்த கருக்கிய உமி கலந்த கறுப்பு மண்ணுக்குள் ஒரு வேர்கூட நீளவில்லை. பெரிய தொட்டிக்குள் இருந்தும், அந்தச் செடி நான்கு மாதமும் ஒரு தேநீர்க் குவளை அளவு மண்ணை நம்பியே உயிரோடு இருந்திருக்கிறது.

அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நம் ஊரில் புளூபெர்ரியைக் கொல்வது பெரும்பாலும் வெயில் அன்று, மண்ணும் தண்ணீரும்தான். குளிரை நம்மால் இறக்குமதி செய்ய முடியாது. வேருக்கு வேண்டிய சூழலை மட்டும் வீட்டு வாசலிலேயே அமைத்துத் தரமுடியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நன்கு முதிர்ந்த ஒரு செடி ஆண்டுக்குச் சில கிலோ காய்க்கும். கோலாலம்பூரின் சமவெளியில் அதை எதிர்பார்த்துத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். என் செடிகளில் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிப் பழம் கிடைக்கிறது, அதுவும் பல நாள் இடைவெளியில். கடையில் வாங்கும் செலவை மிச்சப்படுத்துவதற்காக இதை வளர்க்க வேண்டாம். செடியைக் கவனித்து வளர்ப்பதில் விருப்பம் உள்ளவர்களுக்கே இந்த வழிகாட்டி.

செடியின் பூர்வீகம்

தமிழில் அவுரிநெல்லி என்றும் சொல்லப்படும் இச்செடியின் தாயகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அங்கே மணலும் மட்கிய இலையும் கலந்த, புளிப்பு மிகுந்த சதுப்பு நிலங்களின் ஓரத்தில் அது காட்டுச் செடியாக வளர்ந்தது. காட்டிலிருந்து தோண்டி வந்து நல்ல உரமிட்ட வயல் மண்ணில் நட்டவர்களுக்கெல்லாம் அது செத்துப்போனது. ஃபிரெடரிக் கோவில் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர்தான், இச்செடிக்கு அமில மண் கட்டாயம் வேண்டும் என்பதைச் சோதனைகளால் உறுதிசெய்து 1910இல் வெளியிட்டார். அதைப் படித்த எலிசபெத் வைட் என்ற பெண்மணி நியூ ஜெர்சியிலிருந்த தம் குடும்பத் தோட்டத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தார். 1916இல் பயிரிட்டு விளைவித்த புளூபெர்ரி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நாம் கடையில் வாங்கும் பழத்திற்கு நூறாண்டுக்குச் சற்றுக் கூடுதலான வரலாறுதான் இருக்கிறது. அந்த வரலாறு தொடங்கியதே மண்ணின் புளிப்பைப் புரிந்துகொண்ட பிறகுதான் என்பது நமக்கு முக்கியம்.

அந்தப் பழைய வகைகளுக்கு நீண்ட குளிர்காலம் வேண்டும். 7 பாகை செல்சியசுக்குக் கீழே செடி கழிக்கும் நேரத்தைக் குளிர்மணி என்று கணக்கிடுகிறார்கள். புளூகிராப் போன்ற வடக்கத்திய வகைக்குச் சுமார் 800 மணி நேரம் தேவை. நமக்கு அதில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் என்பவர், அந்த மாநிலத்தின் காடுகளில் ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்கும் ஒரு சிறு புளூபெர்ரி இனத்தை வடக்கத்திய இனத்தோடு இணைத்துப் புதிய வகைகளை உருவாக்கினார். அமெரிக்கத் தென்னக உயர்புதர் வகைகள் எனப்படும் இவை மிகக் குறைந்த குளிரிலேயே பூக்கும். குளிரே இல்லாத இடத்தில் இலை உதிர்க்காமல் பசுமையாகவே நின்று, அவ்வப்போது பூத்துக் காய்க்கும். வெப்பமண்டலத்திலுள்ள பெரு நாடு இன்று உலகுக்கே புளூபெர்ரி அனுப்புவது இவ்வகைகளை வைத்துத்தான்.

பெருவைக் காட்டி, அங்கே முடியும்போது இங்கே ஏன் முடியாது என்று கேட்பவர்கள் உண்டு. அந்நாட்டின் கரையோரத்தைக் குளிர்ந்த கடல் நீரோட்டம் ஒன்று தழுவிச் செல்வதால் அங்கே இரவுகள் இதமாக இருக்கின்றன, மழையும் அநேகமாக இல்லை. நம் இரவு 24 பாகையில் நிற்கிறது; மழை ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டரைத் தொடுகிறது. அந்த வேறுபாட்டைத்தான் நம் தொட்டியில் கொஞ்சமாவது ஈடுகட்டப் பார்க்கிறோம்.

எந்த வகையை வாங்குவது

முதல் தேர்வு பிலாக்சி. அமெரிக்க வேளாண் துறை 1998இல் வெளியிட்ட வகை இது. வெப்பமான ஊர்களில் பசுமை மாறாமல் காய்ப்பதில் பெயர்பெற்றது, பெருவின் தோட்டங்களும் பல்லாண்டுகள் இதை நம்பித்தான் பெருகின. பழம் சற்றுச் சிறியது, சுவை நல்லது. அடுத்தது ஷார்ப்புளூ, பிறகு மிஸ்டி. மிஸ்டி தன் சக்திக்கு மேல் பூத்துத் தன்னையே வருத்திக்கொள்ளும் செடி என்பதால், அதில் பாதிப் பூவையாவது கிள்ளிவிட மனம் வரவேண்டும். சன்ஷைன் புளூ குட்டையாக வளர்வதால் அடுக்குமாடியின் பால்கனிக்குப் பொருந்தும். மண்ணின் புளிப்பு சற்றுக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இவை தம் பூந்தாதிலேயே காய்க்கக்கூடியவை என்றாலும், இரண்டு வேறு வகைகளை அருகருகே வைத்தால் பழம் பெரிதாகிறது. ஆகவே ஒரே வகையில் இரண்டு வாங்குவதைவிட இரு வகைகளில் ஒவ்வொன்று வாங்குங்கள்.

விதை வாங்க வேண்டாம். இணையக் கடைகளில் நீலப் பழத்தின் படத்தோடு சில ரிங்கிட்டுக்கு விற்கும் விதைப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி தரமுடியாது. உண்மையான புளூபெர்ரி விதையாகவே இருந்தாலும் அதில் முளைக்கும் செடி தாயின் குணத்தோடு வராது. வகைப் பெயர் எழுதிய சீட்டு இல்லாத செடியையும் தவிர்ப்பது நல்லது. சுங்கை பூலோவின் நாற்றுப்பண்ணைகளில் சில நேரம் புளூபெர்ரி கிடைக்கும். 1930இல் தொழுநோயாளிகளுக்காக அமைந்த குடியிருப்பைச் சுற்றி, அங்கே வாழ்ந்தவர்களின் உழைப்பில் வளர்ந்த செடி வியாபாரம் அது. ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிப் போய், கடை கடையாகக் கேட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து செடியை நேராக வரவழைக்க விரும்பினால் இறக்குமதி அனுமதி கட்டாயம்.

வாங்கும்போது செடியின் உயரத்தைப் பார்க்காதீர்கள். அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பியிருக்கிறதா, புதுத்தளிர் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருந்தால், அந்தச் செடி கடையிலேயே தவறான மண்ணில் துன்பப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எங்கே வைப்பது

கிழக்குப் பார்த்த வாசல் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காலை வெயில் பகல் ஒரு மணி வரை நேராக விழுந்து, பிறகு வீட்டு நிழல் வந்து சேர்வதுதான் இச்செடிக்கு இங்கே கிடைக்கக்கூடிய சிறந்த இடம். மேற்குப் பார்த்த வீடென்றால் 30 விழுக்காடு மறைக்கும் நிழல்வலையைக் கட்டுங்கள். 70 விழுக்காட்டு வலை வேண்டாம், செடி வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென நீளும், பூக்காது.

இலைக்கு வெயில் வேண்டும், வேருக்குச் சூடு ஆகாது. கறுப்பு நெகிழிப் பையை வெயிலில் வைத்து மதியம் தொட்டுப் பார்த்தால் கையே சுடும். அதற்குள் இருக்கும் மெல்லிய வேர் வெந்துவிடும். வெளிர் நிறத் தொட்டியோ, நீர் கசிந்து குளிரும் துணித் தொட்டியோ சிறந்தது. இருப்பது கறுப்புத் தொட்டிதான் என்றால், அதைவிடப் பெரிய வெள்ளைத் தொட்டி ஒன்றுக்குள் இறக்கி வைத்து இரண்டுக்கும் இடையே காற்றுப் போக விடுங்கள். சிமெண்டுத் தொட்டி கூடவே கூடாது; அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். தொட்டியை நேராகச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்தால் அடியிலிருந்து ஏறும் சூடும் குறையும், நீரும் தங்காமல் வடியும்.

மண்: எல்லாவற்றுக்கும் அடித்தளம்

இங்கேதான் பொறுமை வேண்டும். புளூபெர்ரியின் வேர் நூல்போல மெல்லியது. மற்றச் செடிகளின் வேரிலுள்ள நுண்ணிய வேர்த்தூவிகள் இதற்கு இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை வேரோடு கூடி வாழ்ந்து அந்தக் குறையைத் தீர்க்கிறது. இவ்வளவு மெல்லிய வேரால் கெட்டி மண்ணைத் துளைத்துப் போக முடியாது, நீர் தேங்கினால் மூச்சுவிடவும் முடியாது. மேலும் மண்ணின் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால்தான் இரும்புச் சத்தை அதனால் எடுத்துக்கொள்ள முடியும்.

நம் நாட்டுச் செம்மண் இயல்பாகவே புளிப்பானதுதானே, நேராகத் தரையில் நட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். புளிப்பு உண்மைதான். ஆனால் அது களி மண்; ஒரு மணி நேர மழைக்குப் பிறகு குழியில் நீர் நிற்கும். வீடு கட்டும்போது கொட்டிய சிமெண்டும் சாந்தும் வேறு வாசல் மண்ணில் கலந்திருக்கும். தொட்டியே பாதுகாப்பு.

நான் இப்போது பயன்படுத்தும் கலவை இது: பீட்மாஸ் எனப்படும் மட்கிய சதுப்பு நிலப் பாசி ஐந்து பங்கு, ஆர்க்கிட் செடிக்கு விற்கும் பைன் மரப்பட்டையில் சிறு துண்டு மூன்று பங்கு, பெர்லைட் எனப்படும் பொரித்த வெள்ளைப் பாறைத்துகள் இரண்டு பங்கு. பீட்மாஸ் மூட்டையை வாங்குமுன் அதன் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். காய்கறி நாற்றுக்கென்று சுண்ணாம்பு சேர்த்து பி.எச்.சை உயர்த்திய மூட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. நமக்கு வேண்டியது எதுவும் சேர்க்காத, 3.5 முதல் 4.5 வரை பி.எச். காட்டும் மூட்டை. உலர்ந்த பீட்மாஸ் தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிவிடும் என்பதால், ஒரு பெரிய வாளியில் போட்டு வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பிட்டுக்கு மாவு விரவுவதுபோல் விரலால் பிசறிவிடுங்கள். கையில் பிடித்தால் கட்டியாக நின்று, விரலால் தட்டினால் உதிரும் பதம் வரும்போது நிறுத்துங்கள்.

பீட்மாஸ் விலை அதிகம் என்றால் பாதியளவுக்குத் தென்னை நார்த்தூளைச் சேர்க்கலாம். அதில் உப்பு இருக்கும். மூன்று முறை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதன் புளிப்பும் போதாது, ஆகவே கந்தகத் தூள் தேவைப்படும். 25 லிட்டர் கலவைக்கு 15 கிராம் கலந்து ஈரமாக மூடிவைத்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெல்ல அமிலமாக மாற்றும். இதற்கு ஓரிரு மாதம் ஆகும். மறுநாளே அளந்து பார்த்து, குறையவில்லை என்று மேலும் கொட்டிவிடாதீர்கள்.

எவற்றைச் சேர்க்கக் கூடாது என்பது இதைவிட முக்கியம். நம் ஊரில் எந்தச் செடிக்கும் என்று விற்கும் கறுப்பு மண்ணில் கருக்கிய உமி தாராளமாகக் கலந்திருக்கும். அந்த உமிச் சாம்பல் காரத்தன்மை உடையது. என் முதல் செடிக்கும் அப்படிப்பட்ட மண்ணைத்தான் வாங்கிப் போட்டேன். கடைக்காரர் நல்லதென்று நினைத்தே கொடுத்தார், ரோஜாவுக்கும் கத்தரிக்கும் அது நல்லதும்கூட. மரக்கரி, அடுப்புச் சாம்பல், கோழி எரு, முட்டை ஓடு ஆகிய யாவும் இச்செடிக்குப் பகை. என் அம்மா கறிவேப்பிலைக்குப் போடுகிற பழக்கத்தில், "முட்டை ஓட்ட நுணுக்கிப் போட்டா எந்தச் செடியும் தழைக்கும்டா" என்று ஒருநாள் இதிலும் தூவிவிட்டார். உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி எடுத்தேன். காப்பித் தூள் சக்கையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். வடித்த பிறகு அதில் புளிப்பு அநேகமாக இருப்பதில்லை. தொட்டியின் மேற்பரப்பில் அது ஏடுபோல் இறுகி நீரை இறங்கவிடாமல் தடுக்கும். புளித்த மோரும் வேண்டாம், எறும்புதான் வரும்.

அளப்பதற்கு மண்ணில் குத்தும் மலிவான இரட்டைக் கம்பிக் கருவியை நம்பாதீர்கள். ஒரு பங்கு கலவைக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் விட்டு, தெளிந்த நீரில் பேனா வடிவ மின்னணு பி.எச். கருவியை வைத்துப் பாருங்கள். 4.5க்கும் 5.2க்கும் இடையில் காட்டினால் நடலாம்.

நடுதல்

இரண்டு வயதுச் செடிக்கு 12 லிட்டர் தொட்டி போதும். ஓராண்டு கழித்து 25 லிட்டருக்கும், பிறகு 40 லிட்டருக்கும் மாற்றுங்கள். வேர் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில்தான் பரவும். எனவே உயரமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது.

செடியைப் பழைய பையிலிருந்து எடுத்ததும் வேர்க்கட்டியை ஒரு வாளி மழைநீரில் கால் மணி நேரம் மூழ்கவிடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, சுற்றிலும் அடியிலும் விரல்நுனியால் மெதுவாக நீவி, வட்டமாகச் சுற்றியிருக்கும் வேர்களைப் பிரித்துவிடுங்கள். தலைமுடிச் சிக்கெடுப்பது போன்ற வேலை இது. சில வேர்கள் அறுந்தால் கவலையில்லை. இதைச் செய்யாமல் நட்டால் வேர் தன் பழைய வடிவத்தை விட்டு வெளியே வராது. பழைய மண் இருந்த மட்டத்திலேயே புதிய மண்ணும் இருக்கவேண்டும். தண்டின் அடியைப் புதைத்தால் அழுகும். மண்ணைக் கையால் அமுக்காதீர்கள், தொட்டியை இரண்டு முறை தரையில் தட்டினாலே போதும்.

மேலே 5 சென்டிமீட்டர் மூடாக்கு இடுங்கள். குளிர்நாட்டில் பைன் ஊசி இலையைப் போடுவார்கள். நமக்குக் கடற்கரைச் சவுக்கு மரத்தின் சருகு அதே வேலையைச் செய்கிறது. போர்ட்டிக்சன் போய்வரும்போது ஒரு பை அள்ளி வந்து, உப்புப் போக இரண்டு முறை அலசிக் காயவைத்து வைத்திருக்கிறேன். கிடைக்காதவர்களுக்குப் பைன் மரப்பட்டையே போதும்.

நட்ட முதல் ஓராண்டில் வரும் பூ எல்லாவற்றையும் கிள்ளிவிட வேண்டும். மனம் வராது, தெரியும். ஆனால் வேர் ஊன்றுமுன் காய்க்கவிட்ட செடி அடுத்த ஆண்டு முழுவதும் சுணங்கி நிற்கும்.

தண்ணீர்

மண்ணைச் சரியாக அமைத்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். குழாய்கள் அரிக்காமல் இருப்பதற்காகச் சுத்திகரிப்பின்போது நீரின் பி.எச். ஏழையொட்டியோ அதற்கு மேலோ இருக்குமாறு சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. குடிப்பதற்கு அதனால் குறையொன்றுமில்லை. புளூபெர்ரித் தொட்டிக்கோ, தினமும் ஊற்றும் குழாய்த் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு சிட்டிகைக் காரத்தைக் கொண்டு சேர்க்கிறது. ஆறு மாதத்தில் மண்ணின் புளிப்பு போய்விடும், இலை மஞ்சளாகும், உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டுவோம், செடி கருகும். இப்படி வரிசையாக நடந்து செடி போன கதையை என்னிடம் சொன்னவர்கள் பலர்.

மருந்து நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, இயல்பாகவே 5.6 அளவுக்குப் புளிப்பாகத்தான் விழுகிறது. ஏப்ரலிலும் நவம்பரிலும் கோலாலம்பூரில் பெய்யும் மாலை மழையில் ஒரே நாளில் ஒரு பீப்பாய் நிரம்பிவிடும். கூரை ஓடு சிமெண்டால் ஆனது என்றால், முதல் பத்து நிமிட நீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். பீப்பாயைக் கொசு நுழையாத மென்வலையால் இறுக்கிக் கட்டுவது கட்டாயம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாளே போதும். சோதனையில் கொசுப்புழு சிக்கினால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதமும் உண்டு. தண்டத்தைவிட, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டிங்கி வந்துவிடக் கூடாதே என்பதுதான் எனக்குக் கவலை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

பிப்ரவரியிலும், சூன் சூலையிலும் மழை குறையும்போது குழாய்த் தண்ணீரையே நம்பவேண்டி வரும். அப்போது கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துங்கள். பத்து லிட்டர் நீரில் கால் தேக்கரண்டி கரைத்து அளந்து பாருங்கள். 5ஐ ஒட்டி வரும்வரை சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஒருமுறை உங்கள் வீட்டுத் தண்ணீருக்கான அளவு தெரிந்துவிட்டால் பிறகு எளிது.

எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு நாள் கணக்கு உதவாது. தொட்டியைச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். நேற்றைவிடக் கனம் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். வெயில் நாளில் தினமும் ஒருமுறை, காலையில், அடித்துளை வழியே வடியும்வரை. இந்த வேரால் ஒருநாள் வறட்சியையும் தாங்கமுடியாது, இரண்டு நாள் நீர்த் தேக்கத்தையும் தாங்கமுடியாது. அடைமழை வாரத்தில் தொட்டியைத் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்திவிடுங்கள்.

உரம்

புளூபெர்ரி நைட்ரஜனை அம்மோனியம் வடிவில் விரும்பும். நைட்ரேட்டாகக் கொடுத்தால் சரியாக எடுத்துக்கொள்ளாது. அதனால் அம்மோனியம் சல்பேட்டே ஏற்றது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் கித்தாக் காட்டிலும் செம்பனையிலும் கைநிறைய வீசிய வெள்ளை உரங்களில் இதுவும் ஒன்று. 21 விழுக்காடு நைட்ரஜனும் 24 விழுக்காடு கந்தகமும் கொண்டது, மண்ணின் புளிப்பையும் காத்துக்கொடுக்கும். ஆனால் இங்கே கைநிறைய அன்று, 2 கிராம்தான். அதாவது தேக்கரண்டியில் பாதிக்கும் குறைவு. அதை 3 லிட்டர் நீரில் கரைத்து, ஏற்கெனவே நனைந்திருக்கும் மண்ணில், மூன்று வாரத்திற்கு ஒருமுறை 25 லிட்டர் தொட்டிக்கு ஊற்றுங்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) நுண்சத்துகளும் கிடைக்க, அசேலியா போன்ற அமிலம் விரும்பும் செடிகளுக்கென்று விற்கும் உரத்தை இடையிடையே பாதியளவில் கொடுக்கலாம்.

எல்லாக் கடையிலும் கிடைக்கும் 12-12-17 நீல மணி உரத்தில் நைட்ரஜனின் ஒரு பகுதி நைட்ரேட்டாக இருப்பதால் அதை இதற்கு நான் பயன்படுத்துவதில்லை. பொட்டாஷ் தேவைப்பட்டால் சல்பேட் வடிவத்தையே வாங்குங்கள். சாதாரண பொட்டாஷிலுள்ள குளோரைடு இச்செடிக்கு ஒவ்வாது. இலை ஓரம் தீய்ந்தால் உரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இரண்டு வாரம் நிறுத்தி, வெறும் மழைநீரால் தொட்டியை நன்றாகக் கழுவிவிடுங்கள். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் முதலில் பி.எச்.சை அளந்து பாருங்கள். செடியை உடனே மீட்க, செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலுள்ள இரும்பான இரும்புக் கீலேட்டின் கரைசலை இலையில் தெளிக்கலாம், ஆனால் மூலகாரணம் மண்ணில்தான் இருக்கும்.

பூவும் கவாத்தும்

நம் ஊரில் பகல் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி. பருவம் மாறியதைச் செடிக்குச் சொல்ல இங்கே யாரும் இல்லை, அதனால் கத்தரிக்கோலால் நாம்தான் சொல்லவேண்டும். காய்ப்பு முடிந்ததும் நோஞ்சான் கிளைகளையும் உள்நோக்கி வளர்ந்தவற்றையும் அடியோடு நீக்கி, மற்றவற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். சில வாரங்களில் புதுத்தளிர் கிளம்பும். அந்தத் தளிர் நீண்டு முற்றி நின்ற பிறகு, அதன் நுனியில்தான் பூமொட்டு வரும். இலை மொட்டு மெலிந்து கூராக இருக்கும், பூமொட்டு அரிசியைப்போல் தடித்து உருண்டிருக்கும். இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் தவறிப்போய் பூவை வெட்டமாட்டீர்கள். மூன்று நான்கு வயதான தண்டு ஒன்றை ஆண்டுதோறும் அடியில் வெட்டிப் புதிய தண்டுக்கு இடம் கொடுங்கள். தொட்டியில் பனிக்கட்டியைக் கொட்டிப் பூக்கவைக்கலாம் என்ற பேச்சை நம்பவேண்டாம், வேருக்கு அதிர்ச்சிதான் மிஞ்சும்.

என் செடிகள் ஆண்டிறுதி மழை நாள்களில், இரவு சற்றுக் குளிர்ந்திருக்கும்போதுதான் அதிகம் பூக்கின்றன. பூ சிறு வெள்ளை மணிபோலத் தலைகீழாகத் தொங்கும். இதன் தாது ஒரு நுண்ணிய குழாய்க்குள் அடைபட்டிருப்பதால், பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும் தேனீ இனங்கள்தான் அதை நன்றாக உதிர்க்கும். நம் வீட்டுப் பக்கம் வரும் கருவண்டு அதைச் செய்யக்கூடியது, ஆனால் சில நேரம் பூவின் அடியைக் கிழித்துத் தேனை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடும். எனவே நானே காலை ஒன்பது பத்து மணிக்கு, மின் பல்துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்கொத்தின் காம்பில் ஒரு நொடி வைத்து எடுக்கிறேன். கீழே கறுப்புத் தாளைப் பிடித்தால் வெளிர்மஞ்சள் தூள் விழுவது தெரியும். அந்தத் தூளைச் சிறு தூரிகையால் தொட்டு அடுத்த வகைச் செடியின் பூவில் தடவிவிடுகிறேன்.

நோயும் பூச்சியும்

நம் ஈரக் காற்றில் முதலில் வருவது இலையின் அடியில் மஞ்சள் தூளாகத் தெரியும் துரு நோய். பாதித்த இலையை உடனே கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள், செடிகளுக்கிடையே ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள், மாலையில் இலை நனைய நீர் ஊற்றாதீர்கள். ஒரு கிளை மட்டும் திடீரென வாடிக் கருகினால், பச்சையான பகுதி வரை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரிக்கோலை எரிசாராயத்தால் துடையுங்கள். செடி முழுவதும் வாடி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரழுகல்; அதைக் காப்பாற்றுவது அரிது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளித்தால் கட்டுப்படும்.

பழம் நீலமாகத் தொடங்கியதும் மைனாவும் கொண்டைக்குருவியும் குயிலும் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். காய் பச்சையாக இருக்கும்போதே, சிறு கண்ணுள்ள வலையை ஒரு சட்டத்தில் இறுக்கமாகக் கட்டுங்கள். தளர்வாகத் தொங்கவிட்டால் பறவையின் கால் சிக்கிக்கொள்ளும்.

பறிக்கும் நாள்

பூத்ததிலிருந்து பழுக்க இரண்டு முதல் மூன்று மாதம். ஒரே கொத்தில் ஒன்று பச்சை, ஒன்று ஊதா, ஒன்று நீலம் என்று இருக்கும். நீலமானவுடன் பறித்துவிடக் கூடாது. பறித்த பிறகு நிறம் கூடினாலும் இனிப்பு கூடாது. பழத்தைப் புரட்டிக் காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே செம்மையான ஒரு வளையம் தெரிந்தால் இன்னும் நாலைந்து நாள் பொறுங்கள். வளையமும் நீலமாகி, மேலே வெண்சாம்பல் பூச்சு படர்ந்திருக்கும் பழத்தைக் கட்டைவிரலால் மெல்ல உருட்டினால், இழுக்காமலே உள்ளங்கையில் விழும். அந்தப் பூச்சு பழத்தைக் காக்கும் மெழுகு, அதைத் துடைக்காமல் வையுங்கள். உண்ணும்போது கழுவினால் போதும்.

மழை பெய்த மறுநாள் பறித்தால் சுவை நீர்த்திருக்கும். இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு, காலை எட்டு மணிக்கு முன், பழம் இன்னும் குளிர்ந்திருக்கும்போது பறியுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்குத்தான் முதல் பழம். கடைப் பழத்தைப்போல் வெறும் இனிப்பாக இல்லை, கொஞ்சம் களாக்காய்ப் புளிப்பும் இருக்கிறது என்றார் அவர்.